ஃப்ரீசருக்குள் ஒரு வாளி

"ஏங்க, இது ஃப்ரீசரா, உங்க ஆபீஸா?"

சுந்தரி கத்தியதில் நியாயம் இருந்தது. துருவிய தேங்காயும் பரோட்டாவும் சமையலறை மேடையில் உருகிக்கொண்டிருக்க, பெரிய ஃப்ரீசருக்குள் அவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது ஒரு வாளித் தண்ணீர்.

"பக்கவாட்டுல உறையக் கூடாது, மேல மட்டும்தான் உறையணும். அதுக்குத்தான் சால்வை," என்றார் கோதண்டராமன்.

பெரிய தண்ணீர்த் தொட்டிகள் துருப்பிடிக்காமல் காப்பது அவர் வேலை. அதற்காக உள்ளே வயரில் உலோகத் தண்டுகளைத் தொங்கவிடுவார்கள். இவர்கள் குடியிருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொல்லையில்லை. தெற்கே ஒரு மலையூரில்தான் குளிர்காலத்தில் மேல்தண்ணீர் உறைந்து, ஐஸ் வயரைப் பிடித்து இழுத்து அறுத்துவிடுகிறது.

உருகுவதையெல்லாம் தன் வீட்டு ஃப்ரீசருக்கு அள்ளிப்போக, பக்கத்து வீட்டு இலங்கைக்காரி மாகிரட் வந்திருந்தாள். அவள் கணவன் றொபேட்டுக்கும் அதே கம்பெனிதான்.

"அண்ணைக்கு விசர்தான்," என்று பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தாள். "அறுந்தா வேற வயர் போட்டாச் சரிதானே? என்ன, பெரிய விலையே?"

"ஆபீஸ்லயும் இதையேதான் சொன்னாங்களாம். இவர் கேட்டாத்தானே!"

கோதண்டராமன் சால்வையை விலக்கிப் பார்த்தார். சோதனைக்காக உள்ளே ஒரு சின்னத் தண்டைத் தொங்கவிட்டிருந்த வயர் அறுந்திருந்தது. பாவம், மனுஷனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"தண்டைத் தொட்டியோட அடியில கட்டிப் பார்க்கணும். இன்னும் ஒரே ஒரு வாட்டி..."

"போதும்! நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. வாளியை வெளிய எடுங்க."

"குளிர் முத்துறதுக்குள்ள வழி கண்டுபிடிச்சாகணும், சுந்தரி."

"இல்லேன்னா என்ன? யாராவது போய் வேற வயர் மாட்டட்டுமே!"

அவர் மாகிரட்டைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"மாட்டப் போறது உன் வீட்டுக்காரர்தாம்மா. போன குளிர்ல தொட்டி ஏணியில ஐஸ் வழுக்கி, ஒத்தைக் கையில தொங்கியிருக்கார். நீ பயப்படுவேன்னு உன்கிட்ட மூச்சுவிடலை."

மாகிரட்டின் சிரிப்பு நின்றது. சுந்தரி சால்வையை இழுத்து மறுபடியும் வாளியைப் போர்த்தினாள். இந்த மனுஷனையா இவ்வளவு நேரம் கரித்துக்கொட்டினோம்?

"நீங்க வாளியை எடுக்க வேணாம்," என்றாள் மெதுவாக.

மாகிரட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கட ஃப்ரீசரிலயும் ஒரு வாளி வையுங்கோ, அண்ணை. கிடக்கிற மீனெல்லாம் இண்டைக்கே பொரிச்சுப்போடுறன்."