வெறுங்குடம்

வீட்டுக்காரர் துரைக்கண்ணு வாய் திறந்து காலி பண்ணச் சொல்லவில்லை. மோட்டாரை மட்டும் போடாமல் விட்டார். மாடியில் குழாய் காய்ந்தது. மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் பட்டுவேட்டியோடு கிளம்பிய காலையில், மாடியில் குடியிருக்கும் செண்பகவல்லி வெறுங்குடத்தோடு வாசலில் எதிரே நின்றாள். அவர் திரும்பி உள்ளே போய், சகுனத் தடைக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தார். அவள் அங்கேயே நின்றாள்.

“நல்ல காரியத்துக்குப் போறேன்னு தெரியலையா?”

“தெரிஞ்சுதான் நிக்கிறேன் சார். வீடு வேணும்னா காரணத்தையும் தேதியையும் போட்டு எழுதிக் குடுங்க, போயிடறேன். தண்ணிய நிறுத்திச் சொல்ற வேலை வேணாம்.”

“நல்ல நேரம் முடியப்போகுதுங்க,” என்றாள் அவர் மனைவி, உள்ளேயிருந்து.

அவர் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. செண்பகவல்லி படிக்கட்டடிக் குழாயில் குடத்தை வைத்து, கழுத்து வரை நிறையட்டும் என்று நின்றாள். அவரும் நிற்கவேண்டியிருந்தது. பிறகு நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றி, அவருக்கு எதிரே மெதுவாக நடந்து வந்தாள்.

“இப்பப் போயிட்டு வாங்க சார். வரும்போது நோட்டீஸ் எழுத ஒரு பேப்பர் வாங்கிட்டு வந்துடுங்க. நாளைக்கும் நீங்க வெளிய போகணும்ல.”