பிள்ளைகள் வராத கடற்கரை

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்குப் பயண அலுவலகத்தின் இரண்டாம் மேசை முன்னால் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் தலையே தென்படாத கடற்கரை விடுதி ஒன்று, பத்து நாளைக்கு வேண்டும் என்றார்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய கணவர். எழுபதை ஒட்டிய வயது, மடிப்புக் கலையாத சட்டை, மடியில் ஒரு குறிப்பேடு. மேசைக்காரப் பெண் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"இது நல்லா இருக்கும்மா," என்று அவள் முதல் கையேட்டை நீட்டினாள். "குழந்தைங்களுக்குத் தனி நீச்சல் குளம். சத்தம் உங்க அறைக்கு வராது."

"சத்தம் வந்தாப் பரவாயில்ல. பிள்ளைங்கதான் வரக்கூடாது."

"அப்ப இதைப் பாருங்க. பன்னிரண்டு வயசுக்கு மேலதான் விடுவாங்க."

"பதிமூணு வயசுப் பையன் வருவானே?"

"வருவான்."

"அப்ப வேண்டாம்."

நாலு வருஷ வேலையில் அவள் பல ரகத்தைப் பார்த்திருக்கிறாள். கடற்கரைக்கு வந்துவிட்டு அலைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர் உண்டு. பதிமூன்று வயதுப் பையனுக்கு இப்படிப் பயப்படுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறாள். பெரியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருப்பார், சின்னப் பிள்ளைகளைக் கண்டால் கை சும்மா இருக்காது போல என்று நினைத்துக்கொண்டாள்.

"சாருக்குக் குழந்தைங்கன்னா ஆகாதாம்மா?"

"இவருக்கு ஆகும். இவர் தொண்டைக்குத்தான் ஆகாது," என்றார் அம்மாள். "உள்ள வீங்கியிருக்கு. பத்து நாள் வாயைத் திறக்காம இருந்தா மருந்துலயே வத்திடும்னு டாக்டர் சொல்லிட்டார். இல்லைன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் குரல் திரும்பி வருமான்னு அவரே கையை விரிக்கிறார். பிள்ளைங்களைக் கண்டா இவர் வாய் நிக்காது. கடைசியா கடற்கரைக்குப் போனப்போ மூணே நாள்ல தொண்டை கட்டிப்போச்சு."

"எப்பம்மா போனீங்க?"

"அது ஆச்சு, பதினாறு வருஷம்."

பெரியவர் குறிப்பேட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார். 'பதினேழு.'

"சரி, பதினேழு. இப்ப அதுவா முக்கியம்?"

மூன்றாவது கையேடு ஒரு தீவு விடுதியுடையது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் படகிலேயே ஏற்ற மாட்டார்கள். இருபது அறைகள், கரையை ஒட்டிய பவளப்பாறை, தெளிந்த தண்ணீர்.

"கண்ணாடியை மாட்டிக்கிட்டு, வாயில குழாயைக் கவ்விக்கிட்டு, கவுந்து மிதந்தாப் போதும்மா. கீழ மீன் போறது வர்றது எல்லாம் தெரியும். ஸ்நார்க்கெலிங்னு பேரு."

"வாயில குழாய் இருந்தாப் பேச முடியாதே?"

"முடியாதும்மா."

"இதையே போட்டுடு."

பெரியவர் அவசரமாக எழுதினார். 'சாப்பிடும்போது எடுக்கலாமா?'

"தாராளமா எடுக்கலாம் சார்," என்றாள் அவள்.

"அதைப் பார்ப்போம்," என்றார் அம்மாள்.

அவள் தீவுக்கு எண்களை அழுத்தி, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள். விடுதி மேலாளர் எடுத்தார். அறை இருக்கிறது, நல்ல அறையாகவே இருக்கிறது, ஒரே ஒரு விஷயம் பாக்கி என்றார்.

"கடல்ல இறங்குற ஒவ்வொருத்தரும் தனக்கு நீச்சல் தெரியும்னு தன் வாயால சொல்லணும். நாங்க பதிவு பண்ணி வெச்சுக்குவோம்."

"எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே சொல்றேன்," என்றார் அம்மாள்.

"போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் மனைவிக்கும் சேர்த்துச் சொன்னாரு. நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டு வந்தோம்."

அம்மாள் கணவர் பக்கம் திரும்பி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரே வரி, அதற்கு மேல் கிடையாது என்று அர்த்தம். பெரியவர் தொலைபேசியை நோக்கிக் குனிந்தார்.

"எனக்கு நல்லா நீந்தத் தெரியும்."

அடிவயிற்றிலிருந்து உருண்டு வந்த கரகரத்த குரல். மேசைக்காரப் பெண்ணின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

தொலைபேசியில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"கரடி மாமாவா?" என்றார் மேலாளர். "ரேடியோல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, 'நிமிர்ந்து உட்காருங்கடா குட்டிகளா'ன்னு உறுமுவீங்களே, அந்தக் கரடி மாமாவா?" பிறகு அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. ஓடிவரும் காலடிகள் கேட்டன.

"மாமா, நான் இங்க படகு ஓட்டுறேன்," என்றது ஒரு கட்டைக் குரல். "நீங்க சொன்னதுல இருந்து நகம் கடிக்கிறதில்ல மாமா."

"தங்க வர்றவங்க எல்லாம் நம்ம செட்டுதான் மாமா, உங்க குரலைக் கேட்டு வளர்ந்தவங்க," என்றார் மேலாளர். "தினமும் அஞ்சு மணிக்கு மேடை போட்டுடலாம். அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்போம். என் பையன்கிட்ட சொன்னா, யாருப்பா கரடி மாமாங்கிறான். இப்போ இருக்கிற பிள்ளைங்க ஒண்ணுக்குமே உங்களைத் தெரியாது."

மேசைக்காரப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "நான் மூணு லெட்டர் போட்டேன் மாமா. ஒண்ணைக்கூட நீங்க ரேடியோல படிக்கல."

பெரியவரின் கண்கள் மின்னின. மார்பு விரிய மூச்சை இழுத்து, உறுமுவதற்கு வாயைத் திறந்தார். அம்மாள் ஒரு கையால் அந்த வாயைப் பொத்தினார், மறு கையால் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்.

"சின்னப் பிள்ளைங்க மட்டும் வர்ற இடம் ஏதாவது இருந்தா காட்டும்மா."