ராசியான நாற்காலி

"என் பொண்ணு படிப்பைக் கெடுக்குற துரோகி யாரு? மரியாதையா முன்னால வாங்க!"

பழைய மரச்சாமான் கடைக்காரர் போட்ட சத்தத்தில் கண்ணாடி அலமாரிகள்கூட ஒருமுறை அதிர்ந்தன.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே படிக்கிற மேசை இருந்தது. அதற்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காணோம்.

அது என்ன சாதாரண நாற்காலியா? மூத்த மகள் அதில் உட்கார்ந்து படித்துத்தான் இன்று ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவர் அப்படித்தான் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இதே மாதிரி நாற்காலிதான் சார். என் பெரிய பொண்ணு இதுல அசையாம உட்கார்ந்து படிச்சா. இன்னைக்கு எங்க இருக்கா தெரியுமா?" என்று எடுத்துவிடுவார். அடுத்த நிமிஷம் நாற்காலி வண்டியில் ஏறிவிடும்.

சின்னவளிடம் மட்டும் அந்த வசனம் எடுபடவில்லை. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அவளுக்கு வீட்டில் 'காத்தாடி' என்றே பெயர். அறிவியலில் கோட்டை விட்டிருந்தாள். நாளைக்கு மறுபரீட்சை. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

"நீங்களேதான் வித்திருப்பீங்க," என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடியே. "யாரோ விலை கேட்டாங்கன்னு, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே உருவிக் கொடுத்தவர்தானே நீங்க!"

"விளையாடாதே. எங்க அவ?"

கடைப் பக்கமிருந்து படார், படார் என்று கதவு சாத்தும் சத்தம் கேட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

நாலு கதவு பீரோவின் முன்னால் நின்றிருந்தாள் காத்தாடி. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. நான்கையும் மாற்றி மாற்றித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு பீரோவையா உடைச்சிட்டு இருக்கே?"

"இது பீரோ இல்லப்பா. இதயம்."

கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையை ஓங்கியே விட்டார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. இது நம்மளப் பார்த்து நிக்குது. அதனால இதோட வலது, நமக்கு இடதுப்பா. உடம்பெல்லாம் சுத்தின ரத்தம் முதல்ல இந்த மேல் அறைக்கு வரும்." படார். "கீழ இறங்கும்." படார். "அங்கேருந்து நுரையீரல்." ஓடிப்போய் ரெண்டு சோபாவையும் தட்டினாள். "நல்லா காத்து வாங்கிட்டு, திரும்பி வந்து இந்தப் பக்கம் மேல. அப்புறம் கீழ. அங்கேருந்து உடம்பு முழுக்க!"

கட்டில், ஊஞ்சல், மேசை எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏன், வந்த வழியே திரும்பிப் போகாதா அது?"

"போகாது. கதவு ஒரு பக்கமாத்தான் திறக்கும். இதுலயும் சரி, இதயத்துலயும் சரி."

அவர் ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். ஆமாம்! எத்தனை காலமாக இந்த பீரோவைத் துடைத்து வைக்கிறார்!

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார்.

"இந்த பீரோ என்ன விலைங்க?"

காத்தாடியின் முகம் வெளுத்துப்போனது. கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார். பரீட்சை முடியற வரைக்கும் இதுக்கு வேலை இருக்கு."

விலை கேட்டு வந்தவரைத் தன் புருஷன் திருப்பி அனுப்பியதை முதல்முறையாகப் பார்த்த மனைவி, கத்தியும் கையுமாக வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

வேலை முடிந்து மூத்தவளும் வந்து சேர்ந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குப் பழைய கோபம் ஞாபகம் வந்தது.

"இவ எப்படியோ படிக்கிறா, சரி. ஆனா அந்த நாற்காலியை எடுத்தது யாரு? அது தெரியாம நான் விடமாட்டேன்!"

"நான்தான்ப்பா. காலையில சலூன்காரருக்கு வித்துட்டேன். முடி வெட்ட வர்றவங்க காத்திருக்க நல்லா இருக்கும்னு சொன்னேன். பேரமே பேசாம தூக்கிட்டுப் போயிட்டார்."

"அடிப்பாவி! நீயா? நீ உட்கார்ந்து படிச்ச ராசியான நாற்காலியாச்சே!"

"இவ தினமும் அதுல உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தா. என்னால பார்க்க முடியலப்பா."

"அதுக்காக? நீ அதுலதானே அசையாம உட்கார்ந்து படிச்சே?"

மூத்தவள் தங்கையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருப்பா அதுல படிச்சா? நான் மேசைக்கு அடியில தரையில குப்புறப் படுத்துத்தான் படிச்சேன். உங்க செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் ஏறி உட்காருவேன்."

கடைக்காரர் கடையில் வரிசையாக நின்ற நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"முழிக்காதீங்கப்பா. என் கதையைச் சொல்லிச் சொல்லி ஊர்ல இருக்கிற பிள்ளைங்களையெல்லாம் நாற்காலியில ஒட்ட வெச்சுட்டீங்க. போனை எடுங்க. ஒவ்வொரு வீடா கூப்பிட்டு, அதுங்களை முதல்ல எழுப்பி விடச் சொல்லுங்க!"