ஈரக்கை

"மறுபடி முயற்சி செய்யவும்"னு நாலாவது தடவையா சொல்லிச்சு ஆபீஸ் வாசல்ல இருக்குற ரேகை மிஷின்.

அட்டெண்டர் கட்டைவிரலைச் சட்டையில நல்லாத் தேய்ச்சு, திரும்ப வெச்சாரு. பக்கத்துல நின்ன புது ஆபீசர் கொட்டாவி விட்டுக்கிட்டே வாட்ச்சைப் பார்த்தாரு. பத்தே கால்.

பத்து மணி ஆபீஸ்ல அட்டெண்டருக்குப் பட்டப்பேரே 'பத்தேகால்'தான்.

"எட்டு மணிக்கே வந்துட்டேன் சார். மிஷின்தான் விரலை எடுக்க மாட்டேங்குது."

"நாப்பது பேரு விரலை எடுக்குது. உங்க விரல் மட்டும் என்ன, மெழுகா?"

"அது வந்து சார்..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். மூணு வாரத்துல மூணு மெமோ. எழுதி எழுதி எனக்கே அலுத்துப் போச்சுய்யா. நாளைக்கும் லேட்டுன்னா ட்ரான்ஸ்ஃபர்."

அட்டெண்டர் வீட்டுல பொண்டாட்டி படுத்த படுக்கை. ட்ரான்ஸ்ஃபர்னதும் மனுஷன் சொல்ல வந்ததை விட்டுட்டு, 'சரி சார்'னுட்டாரு.

மறுநாள் பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே "நன்றி"ன்னுச்சு மிஷின். ஒரே தடவையில.

"பார்த்தீங்களாம்மா? ஒரே அதட்டல், வழிக்கு வந்துட்டாரு"ன்னாரு ஆபீசர், ஹெட்கிளார்க் அம்மாகிட்ட.

அந்தம்மா தன்னோட தண்ணி பாட்டிலை எடுத்து பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினாங்க.

பதினோரு மணிக்கு ஆபீசர் பாத்ரூம் போனாரு. காரியம் முடிஞ்சு குழாயைத் திருகினா, புஸ்ஸுன்னு காத்து. பக்கத்துக் குழாயும் அதே புஸ்ஸு.

"அட்டெண்டர்..." குரல் ரொம்ப மெதுவா வந்துச்சு.

"இங்கதான் சார் இருக்கேன்."

"தண்ணி வரலய்யா."

"மோட்டார் கெட்டு எட்டு மாசமாச்சு சார். தினம் காலையில தெருக்குழாய்ல இருந்து முப்பது குடம் தூக்கி மேல தொட்டியில ஊத்துவேன். விரல் ஊறிப் போயிடும். மிஷினை ஆன் பண்றதே ஒம்பதே முக்காலுக்குத்தான், விரல் காயற வரைக்கும் அது எடுக்காது. இன்னிக்கு டயத்துக்கு விரல் வைக்கணுமேன்னு தூக்கல."

உள்ள குழாயை இன்னொரு தடவை திருகுற சத்தம். திரும்பவும் புஸ்ஸு.

"உங்களுக்கு மட்டும் ஒரு பக்கெட் கொண்டாந்திருக்கேன். கதவை லேசாத் திறங்க சார்."

கதவு ஒரு சாண் திறந்துச்சு. பக்கெட் உள்ள போச்சு. அதைப் பிடிச்சிருந்த விரல் அஞ்சும் குடம் தூக்கித் தூக்கித் தழும்பேறிக் கிடந்துச்சு. பின்னாலயே பேனா சொருகின ஒரு ஃபைலும் உள்ள போச்சு.

"இது என்னய்யா?"

"மோட்டார் ரிப்பேர் ஃபைல் சார். நீங்க கையெழுத்துப் போடணும். மூணு வாரமா உங்க டேபிள்லதான் இருந்துச்சு, என் மெமோவுக்கெல்லாம் அடியில."