ஒரு சுற்று வயர்

"தப்பா எடுத்துக்காத மச்சான். நீ வாசிக்கிறது யாருக்குக் கேக்குது? அடுத்த வெள்ளிலேருந்து கீபோர்டுலயே சமாளிச்சுக்கிறோம்" என்றான் கிளாட்வின். பாட்டுக்குழு அவனுடையது; அதில் கிதார் வாசிப்பவனும் அவன்தான். டயர் கடையில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்திருந்த இன்பராஜ் அடிநாதம் மட்டும் எழுப்பும் பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு பாரின் மூலையில் இருந்த மேடையில் ஏறினான். எப்போதும் கிதாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை, பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, தோள் பெல்ட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வான். இன்று மறந்துவிட்டான். இரண்டாவது பாட்டின் நடுவே தன் வயரைத் தானே மிதித்தான். அது கிதாரிலிருந்து பிடுங்கிக்கொள்ள, பேஸ் சத்தம் நின்றது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் முன்மேசையில் மேடைக்கு முதுகைக் காட்டியபடி மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தவரின் அதுவரை தாளம் போட்டுக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்த இருவர் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பாடகி ஷீபா ஒரு வரியைத் தவறவிட்டுத் திரும்பி டிரம்ஸ்காரனை முறைத்தாள். "என்னை ஏன்டீ பாக்குற? நான் ஒழுங்காத்தான் அடிக்கிறேன்!" என்று அவன் கத்தினான். இன்பராஜ் குனிந்து வயரைச் செருகினான். இருப்பதிலேயே கனமான தந்தியை இழுத்துவிட்டான். மேடைப் பலகை அதிர்ந்தது. முன்மேசைக்கு அடியில் கால் மெல்ல அசையத் தொடங்கியது. கிளாட்வின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கிதாரைத் தொங்கவிட்டுவிட்டு அருகில் வந்து, வாசித்துக்கொண்டிருந்த இன்பராஜின் தோள் பெல்ட்டுக்குள் வயரை ஒரு சுற்றுச் சுற்றினான். இழுத்துப் பார்த்தான். கழன்று வரவில்லை. இன்னொரு சுற்றும் சுற்றினான்.