சலேத் திருவிழாவுக்குள்

“சாமான் காணாமப் போறது இதோட மூணாவது தடவ, ராபின். உன் கையும் என் கையும் விட்டா இந்த ஷெட்டுக்குள்ள வேற யாரு கை வருது?”

சிலுவைராஜ் கேட்டதும் ராபின் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கொடைக்கானல் முழுக்கத் தேடினாலும் இந்தப் பழைய இங்கிலாந்து வண்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் அவன் ஒருவன்தான். அவனிடம் போய் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வயிறு எரிகிறவருக்கு நாக்கு நிற்குமா?

“வாய்க்கு வந்ததப் பேசாதீங்கண்ணே. இந்த மலையில இந்த மாதிரி வண்டி இது ஒண்ணுதான் கெடக்கு. களவாண்டு யாருகிட்டக் கொண்டுபோயி விக்க?”

“அப்ப ரோட்டாருக்குக் காலு மொளச்சிருச்சாக்கும்?”

ராபின் தன் சாமான்களைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

பச்சை நிறத்தில் இரண்டே சீட்டு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் அது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையரான சிலுவைராஜ், முதல் ஒரு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். எழுந்து பல் விளக்கவே அவர் மனைவி கித்தேரியம்மாள் பத்துத் தடவை சொல்ல வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீடு. வேறு யார் வந்து கிளப்பிவிடப் போகிறார்கள்?

அப்போதுதான் வட்டக்கானல் பக்கம் ஒரு பங்களாக் கொட்டகையில், பூண்டு மூட்டைகளுக்கு அடியில் இந்த வண்டி துருப்பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஒன்று ஏரியைச் சுற்றி வந்ததைப் பார்த்து, “ஒரு தடவ இதுல போகணும்ங்க” என்று கித்தேரியம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளிலிருந்து மனிதர் விடியுமுன் எழுந்து ஷெட்டுக்குள் போய்விடுவார்.

நாலு வருட வேலை முடியப்போகிற நேரம் பார்த்துக் கித்தேரியம்மாள் படுத்துவிட்டாள். செப்டம்பரைப் பார்ப்பது கஷ்டம் என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆகஸ்ட் பதினைந்து சலேத் மாதா திருவிழா. அன்றைக்கு அவளை இந்த வண்டியில் ஏற்றி, ஏரியைச் சுற்றி, கோயில் வாசலில் இறக்கிவிட வேண்டும். சிலுவைராஜ் மாதாவிடம் கேட்டது அவ்வளவுதான்.

அதற்கும் வழியில்லை போலிருந்தது. ஏப்ரலில் தட்டில் வைத்திருந்த கார்புரேட்டர் ஊசியைக் காணோம். இங்கிலாந்திலிருந்து வேறு வந்து சேர ஆறு வாரம். அது வந்த கையோடு பெட்ரோல் பம்புச் சாமான் ஒன்று மாயம். அதற்கும் ஆறு வாரம். இப்போது ஜூலையில், இன்ஜினுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கிற ரோட்டார். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை. எது இல்லாவிட்டாலும் வண்டி நகராது.

மத்தியானம் வழக்கம்போல் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வண்டியின் இடது சீட்டில் உட்காரவைத்தார். ஷெட்டு வாசலில் அந்த நேரத்துக்குத்தான் கொஞ்சம் வெயில் விழும்.

“ராபின் தம்பியப் போயி ஏங்க வஞ்சீங்க? அது அப்படிப்பட்ட புள்ளையா?”

“பின்ன? பேயா வந்து தூக்கிட்டுப் போச்சு?”

கித்தேரியம்மாள் பேச்சை மாற்றினாள். “இன்னும் எத்தன நாளு சோலி இருக்கு?”

“ரோட்டார் மட்டும் வந்துட்டா ஒரே நாளு.”

“அம்புட்டுத்தானா?” என்றாள். அவள் முகம் வாடியது. அவர் அவள் சால்வையைச் சரிசெய்தபோது அதன் ஓரத்தில் கிரீஸ் கறை தெரிந்தது. “கதவுல பட்டிருச்சு போல” என்று அவள் அதை மடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பதினாலு வந்தது, ரோட்டார் வரவில்லை. சிலுவைராஜ் வெட்கத்தை விட்டு ராபின் வீட்டுக்குப் போய் நின்றார். “மன்னிச்சிட்டேண்ணே. ஆனா அது இல்லாம நான் வந்து மட்டும் என்ன செய்ய?” என்றான் அவன். அதுவும் நியாயம்தான்.

அன்று சாயங்காலம் கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கித்தேரியம்மாளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் மைக்கில் மாதா பாட்டு அந்த வீடுவரை கேட்டது. அவளைக் கொஞ்சம் நிமிர்த்திச் சாய்க்கலாம் என்று சிலுவைராஜ் தலையணையை உருவினார். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஜெபமாலை வைத்திருப்பாள் என்று திறந்தார்.

பழைய சேலைத் துணியில் மூன்று சின்ன முடிச்சுகள். துருப்பிடிக்காமலிருக்கத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, தனித்தனியாக முடிந்து வைத்திருந்தது. கார்புரேட்டர் ஊசி. பம்புச் சாமான். ரோட்டார்.

“அடிப்பாவி, நீயா? ஒன்ன ஏத்திட்டுப் போகத்தானடி இம்புட்டுப் பாடும் பட்டேன்! ஒரு நல்லவனத் திருடன்னு சொல்லிட்டேனே!”

கித்தேரியம்மாள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

“வண்டி ஓடிருச்சுன்னா, என்னப் பொதச்ச மறுநா வெள்ளனே எந்திரிக்க ஒங்களுக்கு என்னங்க சோலி இருக்கும்?”