தவக்காலத்தில் நாய்க்குக் கறிச்சீட்டு

கிரேக்க நாட்டு எபிரஸ் மலையில் எங்கள் ஊர்க் கோயில் மணி மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“வாந்தியா, பேதியா? முதல்ல அதச் சொல்லுங்க சாமி” என்றார் கால்நடை வைத்தியர் பான்தெலிஸ். விடிந்ததிலிருந்து பதினேழு ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்த கை, மேசைமேல் ஈரத்துணி போலக் கிடந்தது.

“ரெண்டும்தான் டாக்டர். வயிறு வேற மத்தளம் மாதிரி உப்பிக் கிடக்கு” என்றார் பாதிரியார் ஸ்தாமாத்திஸ்.

“தின்ன என்ன போடுறீங்க?”

“கறி தொடக்கூடாத தவக்காலமாச்சே! முப்பது நாளா வீட்டுல வெறும் பீன்ஸ்தான். நாய்க்கும் அதேதான்.”

“நாய் வயிறு அதத் தாங்காது சாமி. ஆட்டுக்கறிய வேகவெச்சு, சோத்தோட கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை குடுங்க. எண்ணெய், எலும்பு ஆகாது.”

பாதிரியார் முகம் சுண்டியது. “இப்பப் போயி நான் கறிக்கடைப் படி ஏறினா, ஊரு என் அங்கிய உருவிடும். பாஸ்கா பண்டிகைக்கு யாரு என்கிட்ட ஆசீர் வாங்குவா?”

வைத்தியர் பெருமூச்சோடு சீட்டு எழுதினார்: ‘நாய்க்கு மருந்தாக, ஆட்டுக்கறி ஒரு கிலோ.’ முத்திரையும் குத்தினார்.

“நாயக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“எழுந்திரிக்கவே முடியல, பாவம். ஒரு சந்தேகம் டாக்டர்... எலுமிச்சம்பழம் பிழியலாமா?”

“நாய்க்கா?”

“அதுக்கு எலுமிச்சைன்னா உயிரு.”

பாதிரியார் தொடைக்கறி கேட்டதும், கறிக்கடைக்காரர் தோடோரிஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாய்க்குத் தொடைக்கறியா சாமி?”

“வயித்துக்கு லேசா இருக்கணுமாம்.”

எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த கலியோப்பி எல்லாவற்றையும் கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்தியர் வாசலில் பதினொரு பேர். முதல் ஆள் அவள்தான்.

“எங்க நாய்க்கும் சாமி நாய்க்கு வந்த அதே நோவுதான்.”

“எத்தன தடவ வாந்தி?”

“சாமி நாய் எத்தன தடவ எடுத்துச்சு?”

“மூணு.”

“அப்ப நாலு.”

வைத்தியருக்கு வாதாடத் தெம்பில்லை. பதினொரு சீட்டும் எழுதினார். சற்று யோசித்து, பன்னிரண்டாவதைத் தன் பெயருக்கே எழுதிக்கொண்டார்.

“உங்க நாய்க்குமா டாக்டர்?”

“பீன்ஸு யாரத்தாம்மா விட்டுச்சு?”

பாஸ்காவுக்குள் பதின்மூன்று நாய்களும் குணமாகிவிட்டன. ஊரே வரிசையில் நின்று பாதிரியாரிடம் ஆசீர் வாங்கியது; அவர் கறி வாங்கியதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊரில் இருந்தது ஒரே நாய். அது கறிக்கடைக்காரருடையது, வயிற்றுவலி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.